முயலுக்கு நீலச்சட்டை போட்ட பியட்ரிக்ஸ் பொட்டர்

முன்பள்ளிக்குப் போகும் தம்பி தங்கையரின் படப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சேவல், பசு, ஆடு, தாரா, முயல் என்று பக்கத்துக்குப் பக்கம் வளர்ப்பு விலங்குகள்தான். ஆனால் உற்றுப் பார்த்தால் அவற்றில் பல நமது முற்றத்து விலங்குகள் அல்ல. பசுவின் உடம்பில் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் இருக்கும், திமில் இராது. செம்மறி பஞ்சுப்பொதி போல இருக்கும். நம் பக்கத்துச் செம்மறிக்கு அவ்வளவு கம்பளி ஏது? அவையெல்லாம் வேறொரு நாட்டுப் பண்ணையிலிருந்து நமது புத்தகங்களுக்குள் வந்தவை. அந்த நாட்டிலே, தன் கண்முன் நின்ற முயலையும் தாராவையும் பூனையையும் பார்த்துப் பார்த்து வரைந்து, சின்னப் பிள்ளைகளின் கைக்கு அடக்கமான புத்தகங்களாக்கியவர் பியட்ரிக்ஸ் பொட்டர். உலகம் அவரைக் கதாசிரியராகவே அறியும். அவர் ஆட்டுப்பட்டி வைத்திருந்த விவசாயி என்பது பலருக்குத் தெரியாது. எனக்கு என்னவோ அந்த இரண்டாவது வாழ்க்கைதான் பெரிதாகப் படுகிறது.

1866 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் திகதி இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் ஒரு செல்வந்தர் வீட்டில் அவர் பிறந்தார். இரண்டு பக்கத்துப் பாட்டன்மாரும் வட இங்கிலாந்தில் பருத்தித் தொழிலில் பொருள் சேர்த்தவர்கள். தந்தை ரூபர்ட் பொட்டர் சட்டம் படித்தவர். என்றாலும் நீதிமன்றத்தை விடப் புகைப்படக் கருவியிடமே அவருக்கு ஈடுபாடு அதிகம். அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் பிள்ளைகள் மேல்மாடியிலே தாதியோடு வளர்வார்கள்; தாய் தந்தையரைக் காண்பதற்கும் நேரம் குறித்திருக்கும். பியட்ரிக்ஸும் அப்படித்தான் வளர்ந்தார். ஐந்து வயதானபோது தம்பி பேர்ட்ரம் பிறந்தான். அதன் பிறகு மேல்மாடிக்கு ஒரு துணை கிடைத்தது.

அந்த இரண்டு பிள்ளைகளும் மேல்மாடியில் வைத்திருந்தவற்றைக் கேட்டால் நமது உம்மாமார் விளக்குமாற்றைத் தூக்குவார்கள். முயல், எலி, தவளை, பல்லி, முள்ளெலி, வௌவால். சில பெரியவர்களுக்குத் தெரிந்தும் சில தெரியாமலும் வந்து சேர்ந்தன. அவற்றைக் கொஞ்சுவதோடு அவர்கள் நிற்கவில்லை. அளந்தார்கள், வரைந்தார்கள், எதைத் தின்கிறது எப்போது தூங்குகிறது என்று குறித்து வைத்தார்கள். செத்துப்போன பிராணியை அவித்து எலும்புக்கூட்டைப் பிரித்தெடுத்து, எலும்பு எலும்பாக வரைந்ததும் உண்டு. அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிற்காலத்தில் அவர் வரைந்த முயல் சட்டை போட்டு இரண்டு காலில் நின்றபோதும் முயலாகவே தெரிந்ததற்குக் காரணம், அந்தச் சட்டைக்குள் இருக்கும் எலும்பு எங்கே மடங்கும் என்பதை அவர் அறிந்திருந்ததுதான்.

தம்பிக்கு வயது வந்ததும் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அக்காவை அனுப்பவில்லை. வசதி இல்லாமலன்று, அவர்களைப் போன்ற குடும்பத்துப் பெண்பிள்ளை வீட்டிலேயே ஆசிரியை வைத்துப் படிப்பதுதான் வழக்கம் என்று இருந்துவிட்டார்கள். ஆகவே வாழ்நாளில் ஒருநாளும் அவர் பாடசாலை வாங்கில் அமர்ந்ததில்லை. கடைசியாக வந்த ஆசிரியை அன்னி காட்டர் அவரைவிட மூன்றே வயது மூத்தவர். ஜெர்மன் மொழி கற்பிக்க வந்தவர் தோழியாகிவிட்டார். இவரைப் பற்றிப் பின்னாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழப் பதினைந்து வயதில் பியட்ரிக்ஸ் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். யாரும் வாசிக்கக்கூடாது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் தானே ஒரு குறியீட்டை உண்டாக்கி, கண்ணுக்குப் புலப்படாத அளவு பொடி எழுத்தில் எழுதினார். முப்பது வயது தாண்டும்வரை இந்தப் பழக்கம் இருந்தது. அதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. பார்த்த ஓவியக் கண்காட்சி, அரசியல் பேச்சு, வளர்த்த முயலின் குணம், வீட்டில் மூச்சு முட்டுவது போன்ற உணர்வு, இவைதான். அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1958 இல், லெஸ்லி லின்டர் என்பவர் பல வருட முயற்சியின் பின் அந்தக் குறியீட்டை உடைத்தார். 1966 இல் அது நூலாக வெளிவந்தது.

ஆண்டுதோறும் கோடைக்குப் பொட்டர் குடும்பம் இலண்டனை விட்டுப் புறப்படும். முதலில் ஸ்கொட்லாந்து, 1882 முதல் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டம். மலை, ஏரி, கல் அடுக்கிய மதில்கள், அவற்றுக்கிடையே செம்மறி மேயும் புல்வெளி, இதுதான் அந்த மாவட்டம். அங்கே ரோன்ஸ்லி என்ற பாதிரியார் அறிமுகமானார். பணம் படைத்தோர் வாங்கி வேலியடைப்பதிலிருந்து மலைகளையும் ஏரிக்கரைகளையும் காக்க வேண்டும் என்று ஓடித்திரிந்த மனிதர் அவர். 1895 இல் நஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவர். அவர் பேச்சு அந்த இளம்பெண்ணின் மனதில் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது.

இருபதுகளின் கடைசியில் பியட்ரிக்ஸின் கவனம் காளான்களின் பக்கம் திரும்பியது. ஸ்கொட்லாந்தில் சார்ள்ஸ் மக்கின்டொஷ் என்ற தபால்காரர் இருந்தார். கடிதம் கொடுக்க நடந்த காட்டுவழிகளில் தாவரங்களைக் கவனித்துக் கவனித்து அத்துறையில் தேர்ந்தவர். அவர் அரிய காளான்களைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்புவார். இவர் நுணுக்குக்காட்டியில் பார்த்து நிறம் தப்பாமல் வரைந்து அனுப்புவார். காளானின் வித்திகள் எவ்வாறு முளைக்கின்றன என்பதைத் தாமே முளைக்கவைத்து ஆராய்ந்து ஒரு கட்டுரையும் எழுதினார். கியூ தாவரவியற் பூங்காவில் இருந்த பெரியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1897 ஏப்ரல் 1 ஆம் திகதி இலண்டன் லினேயன் சங்கக் கூட்டத்தில் அக்கட்டுரை முன்வைக்கப்பட்டபோது எழுதியவர் அங்கே இல்லை. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை என்பதால் ஜோர்ஜ் மஸ்ஸி என்ற ஆணே அவர் சார்பில் அதை முன்வைத்தார். பிறகு பியட்ரிக்ஸ் கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அது அச்சேறவே இல்லை. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1997 இல், தாம் அவரை நடத்திய விதம் தவறு என்று அந்தச் சங்கம் ஒப்புக்கொண்டது. அவருடைய காளான் ஓவியங்களை இன்றும் அத்துறையினர் எடுத்துப் பார்க்கிறார்கள். விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் நமது மாணவியர் ஆய்வுகூடத்துக்குள் நுழையும்போது இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கவில்லை என்பதை ஒருகணம் நினைக்கலாம்.

இனி முயலுக்கு வருவோம். அன்னி காட்டர் திருமணம் செய்து அன்னி மூர் ஆகிவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தன. மூத்தவன் நோயல் 1893 இல் சுகமில்லாமல் படுத்துவிட்டான். வயது ஐந்து. ஸ்கொட்லாந்தில் இருந்த பியட்ரிக்ஸ் செப்டெம்பர் 4 ஆம் திகதி அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதுவதற்குச் செய்தி எதுவும் இல்லை. ஆகவே நான்கு முயல்குட்டிகளின் கதையை எழுதி, வரிகளுக்கிடையே மையால் சின்னச் சின்னப் படங்களையும் போட்டு அனுப்பினார். பிள்ளை அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தான். ஏழெட்டு வருடம் கழித்து அதைப் புத்தகமாக்கினால் என்ன என்ற எண்ணம் வந்தபோது, அவனிடமே கடிதத்தைக் கடன் வாங்கித்தான் வேலையைத் தொடங்கினார். அன்று அந்தக் கடிதம் அடுப்புக்குப் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

பதிப்பகங்கள் பல அதைத் திருப்பி அனுப்பின. பெரிய புத்தகமாக்கு, வண்ணம் போடு, வசனமாக எழுதாமல் பாட்டாக எழுது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. புத்தகம் சின்னப் பிள்ளையின் கைக்குள் அடங்க வேண்டும், ஒரு பக்கத்தில் படம், எதிர்ப்பக்கத்தில் சில வரிகள், விலையும் குறைவு என்பதில் உறுதியாக நின்றார். 1901 டிசெம்பரில் தம் சேமிப்பைக் கொண்டு 250 பிரதிகளைத் தாமே அச்சடித்தார். அவை போன வேகத்தில் மேலும் 200 அச்சிட வேண்டியிருந்தது. முதலில் மறுத்த பிரெட்ரிக் வோர்ன் நிறுவனம் இப்போது வெளியிட முன்வந்தது. வண்ணப் படம் வேண்டும் என்றார்கள். முயலின் மண்ணிறமும் இலைப்பச்சையும் தவிர இதில் வேறு நிறம் ஏது என்று தயங்கிய பியட்ரிக்ஸ் பிறகு சம்மதித்தார். 1902 ஒக்டோபரில் ‘பீட்டர் ரபிட்’ வெளிவந்தது. முதற்பதிப்பு 8,000 பிரதிகள். அந்த ஆண்டு முடிவதற்குள் 28,000. இன்று அது முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது.

கதை சின்னதுதான். தாய் முயல் வெளியே போகும்போது மக்கிரகர் என்பவரின் தோட்டத்துக்குள் மட்டும் போகாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிறது. அவர்களுடைய தந்தை அந்தத் தோட்டத்தில் அகப்பட்டுக் கறியாகிப் போனவர் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறது. மூன்று பெண்குட்டிகளும் சொற்கேட்டு நடக்க, பீட்டர் நேரே அந்தத் தோட்டத்துக்குள் புகுந்து வயிறு முட்டத் தின்கிறான். பின்பு தோட்டக்காரர் கண்ணில் பட்டு, சப்பாத்தையும் நீலச்சட்டையையும் பறிகொடுத்துத் தப்பி ஓடுகிறான். இதில் ஒரு நுட்பம் உண்டு. சப்பாத்து கழன்றதும் பீட்டர் நான்கு காலில் ஓடுகிறான். சட்டையும் போனபின் அவன் வெறும் காட்டுமுயல். உடுப்போடு இருக்கும்வரை குறும்புப் பிள்ளை, உடுப்பு போனால் உயிருக்கு அஞ்சி ஓடும் விலங்கு. இரண்டையும் ஒரே பிராணியில் பொய்யில்லாமல் காட்ட அவரால் முடிந்தது.

தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் இந்தக் கதையை வாசிக்கும் ஒருவருக்கு வேறொரு சந்தேகம் வரும். கச்சான் தோட்டத்துக்குள் முயல் புகுந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். நமது வாப்பாமார் இரவில் காவல் இருப்பது பொழுதுபோக்குக்கா? ஆகவே மக்கிரகரை அவ்வளவு கெட்டவராக என்னால் நினைக்க முடியவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பீட்டரின் சட்டையையும் சப்பாத்தையும் அவர் என்ன செய்கிறார் தெரியுமா? ஒரு கம்பில் மாட்டித் தோட்டத்தில் வெருளியாக நிறுத்தி விடுகிறார். நமது ஆரம்ப வகுப்பில் நாம் எல்லோரும் பாடிய, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரித் தோட்டத்து வெருளி இங்கு நினைவுக்கு வராமல் போகாது. யாழ்ப்பாணத்துத் தங்கத்தாத்தாவும் இலண்டன் பெண்மணியும் ஒருவரை ஒருவர் அறியாமலே, ஏறக்குறைய ஒரே காலத்தில் வாழ்ந்து, பிள்ளைகளுக்குத் தோட்டத்து வெருளியைக் காட்டியிருக்கிறார்கள்.

புத்தகத்தோடு பியட்ரிக்ஸ் நிற்கவில்லை. 1903 இல் பீட்டர் பொம்மையைத் தம் கையாலேயே தைத்து உரிமைப் பதிவும் செய்தார். அமெரிக்காவில் நூலுரிமையைப் பதிவு செய்யப் பதிப்பகம் தவறியதால் அங்கே கள்ளப்பதிப்புகள் பெருகியதைக் கண்டவர் அவர். மறுபடி ஏமாற விரும்பவில்லை. தன் உழைப்பில் வந்த பணம், தன் பெயரில் வரும் பணம் என்பது முப்பத்தாறு வயதுவரை பெற்றோரின் கையை எதிர்பார்த்திருந்த ஒரு பெண்ணுக்கு எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை.

பதிப்பகக் குடும்பத்தின் இளைய மகன் நோர்மன் வோர்ன்தான் அவருடைய நூல்களைக் கவனித்தார். கடிதத்தில் வளர்ந்த நட்பு 1905 ஜூலையில் திருமணக் கேள்வியாயிற்று. பொட்டர் குடும்பம் எதிர்த்தது. காரணம், அவர் வியாபாரக் குடும்பத்தவர். பருத்தி வியாபாரத்தில் கட்டிய மாளிகையில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னார்கள்! முப்பத்தொன்பது வயதாகிய மகள் நிச்சயதார்த்த மோதிரத்தை அணிந்துகொண்டார், ஆனால் வெளியில் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு மாதம்தான் போனது. ஓகஸ்ட் 25 ஆம் திகதி நோர்மன் இரத்த நோயால் திடீரென இறந்துபோனார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பியட்ரிக்ஸ் ஏரி மாவட்டத்தின் நியர் சோரி என்ற சிற்றூரில் ஹில் டொப் என்னும் பண்ணையை வாங்கினார். முப்பத்தைந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம். நூல்களில் வந்த பணத்தையும் ஒரு மாமியின் சொத்தில் கிடைத்த சிறு தொகையையும் போட்டு வாங்கியது. இலண்டன் பெண்ணுக்கு விலை தெரியாது என்று சற்றுக் கூட்டியே விற்றுவிட்டதாக ஊரார் சிரித்தார்கள். பண்ணையை ஏற்கெனவே பார்த்துவந்த ஜோன் கனன் குடும்பத்தை அவர் எழுப்பிவிடவில்லை. வீட்டைப் பெருப்பித்து அவர்களுக்கும் இடம் செய்தார். பெற்றோரைப் பார்க்க இலண்டனில் இருந்தாக வேண்டும். கிடைத்த நாட்களில் பண்ணைக்கு ஓடிவருவார். அடுத்த எட்டு ஆண்டுகளில் எழுதிய புத்தகங்கள்தான் அவருடைய ஆகச் சிறந்தவை. பூனை, எலி, தாரா, கோழி, நாய், பன்றி என்று ஆங்கிலேயப் பண்ணையில் உள்ளதெல்லாம் அவற்றில் உண்டு. வீட்டின் படிக்கட்டு, படலை, சமையலறை அடுப்பு எல்லாம் அப்படியே படத்தில் ஏறின. வாங்கியபோது வீடு முழுக்க எலி. அதையும் வீணாக்காமல் ஒரு கதையாக்கிவிட்டார்.

அவற்றுள் 1908 இல் வந்த ஜெமீமா என்ற தாராவின் கதையை மட்டும் சொல்கிறேன். ஜெமீமா பண்ணையில் உண்மையாகவே இருந்த தாரா. முட்டையிடும், ஆனால் ஒழுங்காக அடைகிடக்காது. கனனின் மனைவி முட்டைகளை எடுத்துக் கோழியின் கீழ் வைத்துவிடுவார். இது நமக்குப் புதிதல்ல. நம் வீடுகளிலும் தாரா முட்டையைக் கோழிக்குத்தான் அடைவைப்பார்கள். குஞ்சுகள் தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிட, கரையில் நின்று அந்தக் கோழி படும் பாட்டையும் பார்த்திருக்கிறோம். கதையில் ஜெமீமாவுக்கு இது பெரிய மனக்குறை. தன் முட்டையைத் தானே அடைகாக்க வேண்டும் என்று போர்வையும் தொப்பியும் அணிந்துகொண்டு தூரத்துக் காட்டுக்குப் பறந்து போகிறது. அங்கே நரி மிகவும் மரியாதையாகப் பேசி, இறகு நிறைந்த ஒரு கொட்டிலைக் காட்டி இங்கே இரு என்கிறது. அந்த இறகெல்லாம் யாருடையவை என்று ஜெமீமா யோசிக்கவில்லை. கடைசியில் விருந்துக்கென்று சில மணத்தழைகளும் வெங்காயமும் கொண்டுவரச் சொல்கிறது நரி. அவை தாராவின் வயிற்றுக்குள் அடைத்துச் சமைப்பதற்கானவை என்று வாசிக்கும் பிள்ளைக்கு விளங்கிவிடும்; தாராவுக்கு விளங்காது. பிள்ளை புத்தகத்துக்குள் கையை நீட்டி ஜெமீமாவை இழுக்கத் துடிக்கும் இடம் இது. பண்ணை நாய் கெப் விசாரித்து, இரண்டு நாய்க்குட்டிகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தாராவைக் காப்பாற்றுகிறது. ஆனால் கெப் தடுப்பதற்குள் அந்தக் குட்டிகள் முட்டைகள் முழுவதையும் தின்றுவிடுகின்றன. பிறகு ஜெமீமா இன்னும் முட்டையிட்டு, அடைகிடக்கவும் அனுமதி கிடைக்கிறது. பொரித்தது நான்கு மட்டும்தான்.

காப்பாற்ற வந்தவர்களே முட்டையைத் தின்றார்கள் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லலாமா? பல தாய்மார் முகம் சுளிக்கலாம். கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. கீரி வந்த காலையில் கூட்டைத் திறந்து பார்த்தவர்கள் நாம். பியட்ரிக்ஸ் பிள்ளைகளை ஏமாற்றவில்லை என்பதுதான் எனது எண்ணம். பண்ணையில் நடப்பதைத்தான், அச்சமூட்டாத குரலில், அழகான படத்தோடு சொன்னார். இன்று கடைகளில் கிடைக்கும் பண்ணைப் படப்புத்தகங்களில் எல்லா விலங்கும் சிரித்துக்கொண்டே நிற்கின்றன. அவற்றில் ஒன்றும் பசிப்பதில்லை, ஒன்றும் சாவதில்லை. ஒருவேளை அவற்றை வரைந்தவர்கள் கூட்டைத் திறந்து பார்த்ததில்லையோ என்னவோ.

1909 இல் எதிரே இருந்த காசில் பண்ணையையும் வாங்கினார். காணி உறுதி, எல்லை, தண்ணீர்க் குழாய் என்று எல்லா அலுவல்களையும் பார்த்துக் கொடுத்தவர் பக்கத்து ஊர்ச் சட்டத்தரணி வில்லியம் ஹீலிஸ். 1912 இல் அவர் திருமணம் கேட்டார். இலண்டனில் மறுபடியும் எதிர்ப்பு. ஊர்ச் சட்டத்தரணி தகுதிக்குக் காணாதாம். இந்த நேரத்தில் தம்பி பேர்ட்ரம், தான் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்து ஸ்கொட்லாந்தில் கமம் செய்துவரும் செய்தியைப் போட்டு உடைத்தார். அதன்பின் அக்காவுக்கு மறுப்புச் சொல்ல வாய் எழவில்லை. 1913 ஒக்டோபர் 15 ஆம் திகதி திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது நாற்பத்தேழு. அன்று முதல் ஊரில் அவர் ஹீலிஸ் அம்மாள். பியட்ரிக்ஸ் பொட்டர் என்று யாராவது கூப்பிட்டால் பிடிக்காது.

அதன்பின் புத்தகங்கள் குறைந்தன. கண்பார்வை மங்கியதும் ஒரு காரணம். 1917 இல் பதிப்பகம் பண மோசடியில் சிக்கித் தள்ளாடியபோது அதைத் தூக்கி நிறுத்தப் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மற்றபடி மனம் முழுவதும் ஆட்டில்தான்.

அந்த மலைநாட்டுச் செம்மறிக்கு ஹேர்ட்விக் என்று பெயர். பிறக்கும்போது குட்டி கறுப்பு. வயது ஏற ஏறச் சாம்பல் நிறமாகும். கம்பளி முரடு. கொட்டும் மழையிலும் பனியிலும் மலைமேல் தாங்கி நிற்கக்கூடியது. இந்த ஆட்டிடம் ஒரு விசேட குணம் உண்டு. மலையில் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு பட்டியும் தனக்குரிய மேய்ச்சல் எல்லையை விட்டுப் போகாது. அந்த எல்லையை யாரும் கற்பிப்பதில்லை. தாயின் பின்னால் குட்டி நடந்து நடந்து அறிந்துகொள்ளும். அது பெரிதாகித் தன் குட்டிக்குக் காட்டும். நீர் எங்கே, புயலில் ஒதுங்க இடம் எங்கே என்ற அறிவு தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கடத்தப்படுகிறது. பட்டியை ஒருமுறை மலையிலிருந்து அகற்றிவிட்டால் அந்த அறிவும் போய்விடும்; புதிதாகக் கொண்டுவந்து விடும் ஆடுகளுக்கு அந்த மலை அந்நியம். ஆகவே அங்கே பண்ணை கைமாறினாலும் ஆடுகள் காணியோடேயே இருக்கும்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஆட்டை விட மனிதரே நினைவுக்கு வந்தனர். 1990 ஒக்டோபரில் நமது பெரியவர்கள் இந்த ஊரைவிட்டுப் போனபோது ஆடு மாடுகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள். 2009 இல் நமது தமிழ் அயலவருக்கும் அதே கதி. புத்தளத்தில் பிறந்து வளர்ந்து பின்னர் இங்கு வந்த பிள்ளைகளுக்கு, எந்தக் கிணறு கோடையில் வற்றாது, எந்த வளவு யாருடையது, மாடு எந்த வழியாகக் குளத்துக்குப் போகும் என்பதை மூத்தவர்கள் கையைப் பிடித்துக் காட்டவேண்டியிருந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லாத வீடுகளும் உண்டு. அறுந்தால் ஒட்டுவது கடினமான ஒன்றைக் காக்கத்தான் ஹீலிஸ் அம்மாள் தமது கடைசி இருபது ஆண்டுகளைச் செலவிட்டார்.

1923 இல் ட்ரவுட்பெக் பார்க் என்ற ஏறத்தாழ 2,000 ஏக்கர் பண்ணையை வாங்கினார். ஆடுகளுக்கு ஈரல்புழு நோய். நிலத்தைத் துண்டுபோட்டு விற்றிருந்தால் மலைச்சரிவெல்லாம் பங்களாக்கள் ஏறியிருக்கும். அவர் தேர்ந்த இடையர்களைத் தேடிப்பிடித்து, பட்டியைத் தேற்றினார். அவர்களுள் டொம் ஸ்டோரி என்பவர் கடைசிவரை கூட இருந்தார். மாவட்ட ஆட்டுக் கண்காட்சிகளில் ஹீலிஸ் அம்மாளின் ஆடுகள் பரிசு பெற்றன. பின்பு அவரையே நடுவராக அழைத்தார்கள். ஆண்களே நிறைந்த அந்தக் களத்தில், தம் ஆட்டுக் கம்பளியில் நெய்த முரட்டு உடுப்பும் மரச்சப்பாத்துமாய், மழை வந்தால் தோளில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு அவர் நிற்பார். ஒருமுறை வழியில் சந்தித்த நாடோடி ஒருவன் அவரையும் தன்னைப் போல் வீடற்றவர் என்று எண்ணி அனுதாபத்தோடு பேசினானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கு வீடு வீடாகப் போகும் தாதி ஒருவர் கிடைக்க ஏற்பாடு செய்தவரும் அவரே.

1930 இல் மொங்க் கொனிஸ்டன் என்ற பெருங்காணி விலைக்கு வந்தது. ஏறத்தாழ 4,000 ஏக்கர். நஷனல் டிரஸ்ட்டிடம் அப்போது அவ்வளவு பணம் இல்லை. இவர் முழுவதையும் வாங்கி, பாதியை வாங்கிய விலைக்கே அதனிடம் கொடுத்தார். பணம் கொடுத்ததோடு விடாமல், அதன் பண்ணைகளைத் தாமே மேற்பார்வையும் செய்தார். எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்த மதில் சரிந்தது என்று அறுபது வயதுக்கு மேலும் நடந்து பார்த்துக் கணக்கு எழுதினார். 1943 இல் ஹேர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் அடுத்த ஆண்டுத் தலைவராக அவரைத் தெரிவு செய்தது. அதுவரை ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்ததில்லை. பதவியேற்கும் முன், அந்த ஆண்டு டிசெம்பர் 22 ஆம் திகதி, எழுபத்தேழு வயதில் அவர் காலமானார்.

4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் பண்ணைகளும் வீடுகளும் ஆட்டுப்பட்டிகளும் அவருடைய மரணசாசனத்தின்படி நஷனல் டிரஸ்ட்டுக்குப் போயின. மலைப்பண்ணைகளில் ஹேர்ட்விக் ஆடுகளையே வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. கணவர் 1945 இல் இறந்தபின் எஞ்சியதும் போய்ச் சேர்ந்தது. முயல்குட்டியின் கதையிலிருந்து வந்த பணம்தான் பெரும்பாலும் அந்த மலைகளாயிற்று.

அவருடைய சாம்பலை டொம் ஸ்டோரி ஹில் டொப்புக்கு மேலே எங்கோ தூவினார். எந்த இடம் என்று வெளியில் சொல்லவில்லை. ஹில் டொப் வீட்டின் அறைகளை அவர் விட்டுச் சென்றபடியே வைத்திருக்கிறார்கள். பார்க்க வருவோர் கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டையும் அடுப்பையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஜெமீமா தன் முட்டையை ஒளித்து வைத்து அகப்பட்டுக்கொண்ட அந்தச் செடிப் பாத்தி வீட்டு முன் தோட்டத்தில் இப்போதும் இருக்கிறது.